மகோகனி: பெயருக்கு ஒரு விலை, மரத்துக்கு ஒரு விலை

மேலூர் வட்டாரத்தில், குறிப்பாகத் திருவாதவூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், நெல் விளைந்த வயல்கள் சில மரத்தோப்புகளாக மாறி வருகின்றன. தேக்கும் குமிழும் சந்தனமும் அவற்றில் உண்டு. ஆயினும், விவசாயிகளின் பேச்சில் அதிகம் அடிபடுவது மகோகனிதான். வேறு எந்த மரத்தைப் பற்றியும் இத்தனை நம்பிக்கையோடும், இத்தனை குறைந்த விசாரிப்போடும் பேசுவதை நான் கேட்டதில்லை.

காரணம் வெளிப்படை. பெரியாறு பாசனத்தில் மேலூர்ப் பகுதி ஒருபோகப் பகுதி. அணையில் நீர் இருந்து, கால்வாயில் நேரத்துக்குத் திறந்து, கண்மாய் நிறைந்தால்தான் அந்த ஒரு போகமும் உறுதி. நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கொடுத்துக் கட்டுப்படியாவதில்லை. பிள்ளைகள் திருப்பூரிலோ சென்னையிலோ இருக்கிறார்கள். இந்த நிலையில், "ஏக்கருக்கு 400 மரம், ஒரு மரம் 25 ஆயிரம் ரூபாய், ஆக 15 ஆண்டில் ஒரு கோடி" என்னும் கணக்கு காதில் விழுந்தால் யாருக்குத்தான் சபலம் தட்டாது? என் சித்தப்பா மகன் ஒன்றரை ஏக்கர் நெல் வயலில் மகோகனி நட்ட போது என்னிடம் சொன்ன காரணமும் இதுவே: "அண்ணே, நெல்லு போட்டா கூலிக்கே பத்தல. மரமுன்னா அது பாட்டுக்கு நிக்கும்ல?"

அது பாட்டுக்கு நிற்கும் என்பது பெருமளவு உண்மை. 400-ஐ 25 ஆயிரத்தால் பெருக்கினால் ஒரு கோடி வரும் என்பதும் உண்மையே. ஆனால், அந்த 25 ஆயிரம் எந்த மரத்தின் விலை, எத்தனை வயது மரத்தின் விலை, யார் கொடுத்த விலை என்பதைப் பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் கேட்காமல் இருக்க இயலவில்லை. விடை தேடப் புகுந்தால், முதலில் பெயரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

நம் ஊர் நாற்றுப் பண்ணைப் பலகைகளில் மகோகனி, மகாகனி, மஹாகனி என்று பலவாறாக எழுதுகிறார்கள். 'மகாகனி' என்று எழுதும்போது அது ஏதோ பெரிய பழம் தரும் மரம் போன்ற தோற்றம் ஏற்படுகிறது. உண்மையில் அதன் காய் மரக்கட்டை போன்று கெட்டியானது. முற்றியதும் வெடித்து, சிறகு முளைத்த விதைகளைக் காற்றில் பறக்க விடுவது. உண்ணத்தக்க கனி அன்று. தமிழில் இதற்கு வேறொரு பெயரும் உண்டு: சீமை நூக்கு. நூக்கு என்பது ஈட்டி மரத்துக்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று. கடல் கடந்து வந்த எதற்கும் 'சீமை' என்ற முன்னொட்டைச் சேர்ப்பது நம் வழக்கம்; சீமைக்கருவேலத்தை மறக்க முடியுமா? சீமை நூக்கு என்ற பெயரில் ஒரு நேர்மை இருக்கிறது. இது வெளியிலிருந்து வந்தது, மேசை நாற்காலிக்கு உகந்த செந்நிற மரம் என்ற இரண்டு செய்திகளை அது ஒருசேரச் சொல்கிறது. அந்தப் பெயர் வழக்கொழிந்தது ஒருவகையில் இழப்புதான்.

ஆங்கிலத்திலும் இந்தச் சொல்லின் பிறப்பு தெளிவாக இல்லை. 1671-இல் ஜான் ஓகில்பி வெளியிட்ட 'அமெரிக்கா' என்ற நூலில், ஜமைக்காத் தீவின் மரங்களுள் ஒன்றாக இது அச்சேறியது. மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்கள் தங்கள் நாட்டுக் காயா மரத்துக்கு வழங்கிய பெயரே, ஜமைக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டவர்களின் நாவில் அங்கிருந்த இந்த மரத்துக்கும் ஒட்டிக்கொண்டது என்பது ஒரு கருத்து. அதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. தாவரவியலாளர் ஜாக்குவின் 1760-இல் இதற்குச் 'சுவீட்டினியா' என்று பெயரிட்டார். ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசாவின் மருத்துவர் கெரார்டு வான் சுவீட்டன் என்பவரைச் சிறப்பித்து இட்ட பெயர் அது. குடும்ப வகைப்பாட்டில் இது நம் வேம்பின் உறவு. மலைவேம்பும் சந்தனவேம்பும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இப்பெயருக்கு விலை ஏறியது எப்படி? 1721-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரத்துக்கு இறக்குமதி வரியை நீக்கியது. கப்பல் கட்ட மரம் வேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம். ஆனால், அதனால் பெரிதும் ஆதாயம் அடைந்தவர்கள் லண்டன் மேசை நாற்காலித் தச்சர்கள். வெட்டிய பின் அதிகம் சுருங்காமை, முறுக்காமை, உளிக்கு எளிதாக இணங்குதல், மெருகேற்றினால் செம்பழுப்பாக ஒளிர்தல், ஒரே பலகையில் சாப்பாட்டு மேசை செய்யும் அளவுக்கு அகலம் ஆகிய இத்தனை குணங்களும் ஒரே மரத்தில் சேர்ந்திருந்தது அவர்களுக்குப் புதிது. 1754-இல் தாமஸ் சிப்பெண்டேல் தன் வடிவமைப்பு நூலை வெளியிட்டபோது, செல்வர் வீட்டு மரச்சாமான் என்றாலே மகோகனி என்ற நிலை உருவாகிவிட்டது.

இந்த ஒளிர்வின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஜமைக்காவில் எளிதில் எட்டக்கூடிய மரங்கள் தீர்ந்ததும் கியூபாவுக்கும், பிறகு இன்று பெலீஸ் எனப்படும் ஹோண்டுராஸ் கரைக்கும் வெட்டுவோர் நகர்ந்தனர். அங்கே இந்த வேலையைச் செய்தவர்கள் அடிமைகள். மகோகனி காட்டில் கூட்டமாக வளர்வதில்லை. பெரும்பாலும் ஹெக்டேருக்கு ஒன்று கூடத் தேறாது. எனவே, தேர்ந்த அடிமை ஒருவர் உயரமான மரத்தின் உச்சியில் ஏறி, பருவத்தில் நிறம் மாறிய இலைகளைக் கொண்டு மகோகனி நிற்கும் இடத்தைக் கண்டறிந்து சொல்வார். பின்னர், அங்கே பாதை வெட்டி, மரத்தைச் சாய்த்து, மாடு பூட்டி ஆற்றுக்கு இழுத்துச் செல்வார்கள். பெலீஸ் நாட்டின் தேசியக் கொடியில் இன்றும் ஒரு மகோகனி மரமும், கோடரியும் துடுப்பும் ஏந்திய இரு தொழிலாளர்களும் உள்ளனர்.

ஆக, மகோகனியின் புகழ் பெற்ற விலை எதைக் குறித்தது? நூறு, இருநூறு ஆண்டுகள் காட்டில் மெல்ல வளர்ந்து பருத்த, அரிதாகக் கிடைத்த, கூலியே கொடுக்காமல் வெட்டப்பட்ட மரத்தின் விலை அது. அந்த அருமை பின்னர் மேலும் கூடிற்று. பிரேசில் அரசு 2001-இல் மகோகனி வெட்டுவதைத் தடை செய்தது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் 'சைட்டீஸ்' உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில், அமெரிக்கக் கண்டத்துப் பெரிய இலை மகோகனி 2003 நவம்பர் முதல் இடம் பெற்றது. வரத்து குறைந்தால் விலை ஏறுவது இயல்பு. ஏறியது அந்தக் காட்டு மரத்தின் விலை.

பெயருக்கு மதிப்பு வந்துவிட்டால், அதைப் பிற மரங்கள் கடன் வாங்கத் தொடங்குகின்றன. ஆப்பிரிக்கக் காயா 'ஆப்பிரிக்க மகோகனி' ஆயிற்று. நம் நாட்டுச் சந்தனவேம்பை ஆங்கிலேயர் 'இந்திய மகோகனி' என்றனர். இவற்றுக்காவது குடும்ப உறவு உண்டு. எந்த உறவும் இல்லாத பிலிப்பைன்ஸ் நாட்டு மரங்களை 'பிலிப்பைன் மகோகனி' என்ற பெயரில் அமெரிக்காவில் விற்றார்கள். அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1920-களில் இதை எதிர்த்து நடவடிக்கை எடுத்து, வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. வெறுமனே மகோகனி என்று சொல்லக் கூடாது, 'பிலிப்பைன்' என்ற அடைமொழியோடுதான் சொல்ல வேண்டும் என்ற அளவில் அது பின்னர் முடிந்தது. காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளை இடித்து விற்கும் கடைகளில் எந்தத் தூணைக் காட்டினாலும் 'பர்மாத் தேக்கு' என்று சொல்வதைக் கேட்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் என்ன நிகழும் என்பதை ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் ஒரு சிறு கட்டுரையில் விளக்கினார். 2001-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். தரத்தைப் பிரித்தறிய முடியாதபோது நல்ல சரக்குக்கும் சராசரி விலையே கிடைக்கும். அதனால் நல்ல சரக்கு வைத்திருப்பவர் விலகுவார். முடிவில் சந்தையில் மட்டமானதே எஞ்சும். பழைய மகிழுந்துச் சந்தையைக் கொண்டு அவர் இதை விளக்கினார். திருவாதவூர்க்காரர்களுக்கு அத்தனை தூரம் போக வேண்டியதில்லை. பகலில் பரியாக நின்றவை இரவில் நரிகளானதை வாதவூரர் வரலாற்றிலிருந்து அறிந்தவர்கள் நாம். அது இறைவனின் விளையாட்டு. நாற்றுச் சந்தையில் நடப்பதற்கு அப்படி ஒரு சமாதானம் கிடையாது.

நம் ஊரில் மகோகனி என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று வகைகள் கைமாறுகின்றன. ஒன்று, மேற்கிந்தியத் தீவுகளின் சிறிய இலை மகோகனி. 1795-இல் ஜமைக்காவிலிருந்து கல்கத்தாத் தாவரவியல் பூங்காவுக்கு வந்தது இதுவே. இரண்டாவது, மத்திய அமெரிக்காவின் பெரிய இலை மகோகனி. 1872-இல் அதே பூங்காவுக்கு வந்தது. மூன்றாவது, மேற்சொன்ன ஆப்பிரிக்கக் காயா. முதல் வகையின் சிற்றிலை ஒரு விரல் நீளத்தைத் தாண்டாது. இரண்டாம் வகையின் சிற்றிலை அரைச் சாண் அளவும் அதற்கு மேலும் இருக்கும், காயும் பெரிது. காயாவின் காய் நீண்டிராது, உருண்டையாக இருக்கும். மரம் காய்க்கும் வரை காத்திருந்து இதைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை. கன்று வாங்கும்போதே கேட்க வேண்டும். என் சித்தப்பா மகன் வாங்கிய கன்றுகளில், ஒரே கட்டில் இரண்டு வகைகள் கலந்திருந்தன. நான்காம் ஆண்டில் இலையளவு வேறுபடுவதைக் கண்டு அவரே ஐயுற்றார். விற்ற பண்ணையில் கேட்டதற்கு, "எல்லாம் மகோகனிதான்" என்பதே பதில்.

வகை எதுவானால் என்ன என்று கேட்கலாம். மதுரைச் சமவெளியின் சராசரி ஆண்டு மழை சுமார் 850 மில்லிமீட்டர். பெரிய இலை மகோகனி செழித்து வளரும் தாயகக் காடுகளில் இதைப் போல் இரண்டு மடங்கு மழை பெய்கிறது. சிறிய இலை வகை வறட்சியைச் சற்றுத் தாங்கும். ஆனால், மெதுவாக வளரும். விரைவில் பருக்கும் என்ற விளம்பரம் ஒரு வகையைப் பற்றியது. வானம் பார்த்த நிலத்தில் தாங்கும் என்ற உறுதிமொழி இன்னொரு வகையைப் பற்றியது. இரண்டையும் சேர்த்து ஒரே கன்றின் மீது ஏற்றிச் சொல்வதற்கு 'மகோகனி' என்ற பொதுப்பெயர் வசதியாக இருக்கிறது.

வேம்பின் உறவாதலால் பூச்சி அண்டாது என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. அதற்கு அடிப்படை இல்லை. மகோகனியின் பெரும் பகை குருத்துத் துளைப்பான். இந்த அந்துப்பூச்சியின் புழு நுனிக்குருத்தைத் துளைத்து உள்ளே செல்லும். குருத்து காய்ந்ததும் பக்கக் கிளைகள் இரண்டு மூன்று கிளம்பும். மரம் சாகாது, ஆனால், நேராக உயர வேண்டிய அடிமரம் ஆளுயரத்திலேயே கவைத்துவிடும். மர வியாபாரிக்கு வேண்டியது நேரான, கணுவில்லாத அடிமரம். கவைத்த மரம் விறகுக்கு ஒரு படி மேல், அவ்வளவுதான். அமெரிக்கக் கண்டத்திலேயே மகோகனியைத் தோட்டமாக வளர்க்கும் முயற்சிகள் பல தோற்றதற்கு இந்தப் பூச்சியினமே முதற்காரணம். பிஜித் தீவுகளில் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் தொடங்கிய தோட்டங்கள் உலகின் மிகப் பெரிய மகோகனித் தோட்டங்களாக வளர்ந்ததற்கு, அங்கே இந்தத் தொல்லை பெரிதாக இல்லாததும் ஒரு காரணம். நம் நாட்டில் துளைப்பான் உண்டு. முதல் ஐந்தாறு ஆண்டுகள் கவைத்த கிளைகளைக் கவாத்து செய்து ஒரே குருத்தை விட்டு வளர்க்க வேண்டும். "அது பாட்டுக்கு நிக்கும்" என்பதில் உள்ள சிறு திருத்தம் இது.

இனி அந்த ஒரு கோடிக் கணக்கைப் பார்ப்போம்.

பத்தடிக்குப் பத்தடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 435 கன்றுகள் கொள்ளும். சேதம் போக 400 என்கிறார்கள். அத்தனையும் முழுப் பருமனுக்கு வளர அந்த இடம் போதாது. இடையில் பாதிக்கு மேல் கலைக்க வேண்டிவரும். அரசின் திட்டமே வயல் முழுவதும் நடுவதற்கு ஏக்கருக்கு 160 கன்றுகள்தான் என்று வரையறுத்திருக்கிறது.

அடுத்தது பருமன். நம்மூரில் உருட்டு மரத்தைக் கன அடிக் கணக்கில் வாங்குகிறார்கள். மரத்தின் சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததைத் தன்னாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது முறை. சுற்றளவு நான்கடி, நீளம் பத்தடி எனில், நான்கில் ஒரு பங்கு ஓர் அடி. ஆக பத்து கன அடி. சுற்றளவு இரண்டடி எனில், நான்கில் ஒரு பங்கு அரையடி. அரையை அரையால் பெருக்கினால் கால். ஆக இரண்டரை கன அடி மட்டுமே. சுற்றளவு பாதியானால் அளவு கால் பங்காகிறது. இந்த ஒரு கணக்கை விவசாயி மனத்தில் இருத்திக்கொண்டால், விளம்பரங்களில் பாதி உதிர்ந்துவிடும். (இந்தக் 'கால் சுற்றளவு' முறையிலேயே மரத்தின் உண்மையான கன அளவில் ஏறத்தாழ 21 விழுக்காடு கணக்கில் வராமல் போகிறது. அறுவைச் சேதத்துக்காக விடும் தள்ளுபடி என்று இதை நியாயப்படுத்துவார்கள். விற்பவர் அறிந்திருப்பது நல்லது.)

நல்ல மண்ணும் நீரும் அமைந்தால் பெரிய இலை மகோகனியின் அடிமரம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் முதல் ஒன்றரை சென்டிமீட்டர் வரை விட்டத்தில் பருக்கும். அதாவது, 15 ஆண்டில் சுற்றளவு 18 முதல் 28 அங்குலம். நடுத்தரமாக இரண்டடி என்று வைத்துக்கொள்வோம். அது இரண்டரை கன அடி. அதற்கு 25 ஆயிரம் ரூபாய் கிடைக்க வேண்டுமானால், கன அடிக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். வீட்டுக் கதவுக்கு நாம் வாங்கும் நல்ல நாட்டுத் தேக்கின் விலையைப் போல் அது பல மடங்கு. மேலும், 15 வயது மரத்தில் வெளிறிய வெளிமரம் மிகுதி. செந்நிற வைரம் குறைவு. மகோகனியின் பெயருக்கு வந்த மதிப்பு முழுவதும் அந்த வைரத்துக்கு வந்தது.

சுற்றளவு நான்கடியாகட்டும் என்று காத்திருந்தால்? மேற்சொன்ன வளர்ச்சி வேகத்தில் 26 முதல் 39 ஆண்டுகள் ஆகும். அப்போது பத்து கன அடி. கன அடிக்கு 2,500 ரூபாய் கிடைத்தால் அந்த 25 ஆயிரம் கைக்கு வரும். இதில் நம்பத்தகாதது ஒன்றுமில்லை. ஆனால், 30 ஆண்டுக்குப் பின் வரும் 25 ஆயிரம் என்பது, ஏழு விழுக்காடு வட்டியில் இன்று சுமார் 3,300 ரூபாயைப் போட்டு வைப்பதற்குச் சமம். மரத்தின் விலையும் ஏறாதா என்று கேட்பார்கள். ஏறலாம். வட்டியை விட வேகமாக ஏறினால்தான் அதில் ஆதாயம் உண்டு. ஜெர்மானிய வனவியலாளர் மார்ட்டின் ஃபவுஸ்ட்மன் 1849-இலேயே இதற்கான சூத்திரத்தை வகுத்துவிட்டார். மரத்தின் விலையை மட்டும் பார்க்காதே. அந்த நிலம் அத்தனை ஆண்டுகள் வேறு எதைத் தந்திருக்கும் என்பதையும் கழித்துப் பார் என்பதே அதன் சாரம். 60 வயதில் கன்று நடும் விவசாயிக்கு இந்தச் சூத்திரத்தை விளக்க வேண்டியதில்லை. அறுவடையின்போது தான் இருப்போமா என்ற எண்ணம் அவருக்கு ஏற்கெனவே உண்டு.

இத்தகைய கனவு நமக்குப் புதியதும் அன்று. 1990-களில் தேக்கு மர முதலீட்டுத் திட்டங்கள் தமிழகத்தில் கொடிகட்டிப் பறந்தன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அனுபவ் பிளான்டேஷன்ஸ் நிறுவனம் அவற்றுள் பெயர் பெற்றது. ஓய்வூதியர்களும் நடுத்தரக் குடும்பத்தினரும் சேமிப்பைக் கொட்டினர். 1998-இல் அது சரிந்தது. 1999-இல் இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியமான செபி, கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கான ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது. அன்று ஏமாந்தவர்கள் கண்ணால் காணாத மரத்தில் பணம் போட்டவர்கள். இன்றைய மகோகனி விவசாயியின் மரம் அவர் கண்ணெதிரிலேயே நிற்கிறது. அந்த அளவில் அவர் நிலை மேல். ஆனால், செபியின் விதிகள் பிறர் பணத்தைத் திரட்டுவோரைத்தான் கட்டுப்படுத்தும். கன்று விற்கும்போது வாய்மொழியாகச் சொல்லும் ஒரு கோடியை அவை தொடுவதில்லை.

நான் மகோகனிக்கு எதிரி அல்லன். காய்ந்த தரிசில், வயல் வரப்பில், கிணற்று மேட்டில் அது நிற்பதில் நன்மையே உண்டு. தமிழக அரசு 2021-22-இல் தொடங்கிய நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் விவசாயிகளுக்கு இலவசமாக வழங்கிய கன்றுகளுள் மகோகனியும் ஒன்று. வரப்பில் நட ஏக்கருக்கு 50 கன்றுகள் என்பது அத்திட்டத்தின் அளவு. என் கருத்தில் நம் வட்டாரத்துக்கு ஏற்றது அதுவே. வரப்பில் 50 மரம் நின்றால் நெல் நிற்கப் போவதில்லை. 30 ஆண்டு கழித்து விலை கிடைத்தால் வரவு; கிடைக்காவிட்டாலும் இடையில் குடி முழுகாது. வயலை முழுவதும் தோப்பாக்குவது வேறு கதை.

ஏனெனில், நெல் வயலுக்கு உரிமையாளர் மட்டும் இல்லை. நாற்றுப் பறிப்பு, நடவு, களை எடுப்பு, அறுப்பு என்று அந்த வயலை நம்பிப் பெண்கள் பலர் கூலி பெறுகிறார்கள். குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுபவர் இருக்கிறார். வைக்கோலை நம்பி மாடு இருக்கிறது. நட்ட மூன்றாண்டுக்குப் பின் மகோகனித் தோப்புக்கு ஆண்டுக்குச் சில நாள் வேலைதான். நிலவுடைமையாளர் வெளியூரில் இருந்தால் அது அவருக்கு வசதி. குத்தகைதாரருக்கு அது வெளியேற்றம். சட்டப்படி வழக்காட முடியாத, சத்தமில்லாத வெளியேற்றம். ஒரு கோடிக் கணக்கில் இவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

சந்தை ஒழுங்காக அமைந்தால் மர விவசாயம் செழிக்காது என்று சொல்லிவிட முடியாது. கரூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் சவுக்கையும் தைலத்தையும் விவசாயிகளிடம் வாங்குகிறது. அந்த மரங்களுக்குப் புகழ் இல்லை. ஆனால் ஆலை இருக்கிறது, எடைக்கு விலை இருக்கிறது, சில ஆண்டுகளில் பணம் இருக்கிறது. உயர்ந்த மரத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் நிலம்பூரைப் பார்க்கலாம். கனோலியும் சாத்து மேனோனும் 1840-களில் தொடங்கிய தேக்குத் தோட்டங்களின் மரம் இன்றும் கேரள வனத்துறைக் கிடங்குகளில் சுற்றளவு வாரியாக, தரம் வாரியாகப் பிரித்து ஏலம் விடப்படுகிறது. எந்தப் பருமனுக்கு என்ன விலை போயிற்று என்பது செய்தித்தாளில் வருகிறது. நிலம்பூர்த் தேக்கு என்ற பெயருக்குப் பின்னால் ஒரு பதிவேடு நிற்கிறது. மதுரை மாவட்ட மகோகனி என்ற பெயருக்குப் பின்னால் இன்று நிற்பது நாற்றுப் பண்ணையின் கைப்பேசி எண் மட்டுமே.

அரசு செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. கன்று விற்கும் ஒவ்வொரு பண்ணையும், சிறிய இலையா, பெரிய இலையா, காயாவா என்பதை ரசீதில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதிக்கலாம். நெல் விதைக்கு உள்ள இந்தக் கட்டாயம் மூன்று தலைமுறைக்கு நிற்கப்போகும் மரத்துக்கு இருக்கக் கூடாதா? கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்க நிறுவனமும், மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. மதுரைச் சமவெளியின் மண்ணில் எந்த வகை எத்தனை ஆண்டில் எத்தனை பருக்கிறது என்பதை அளந்து தமிழில் வெளியிட அவற்றைப் பணிக்கலாம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் நெல், பருத்தி விலை எழுதும் பலகையில், சுற்றளவு வாரியாக மர விலைக்கும் ஓர் இடம் ஒதுக்கலாம். வேளாண் நிலங்களில் மரம் வெட்டுவதற்கான மாதிரி விதிகளை மத்திய அரசு 2025 ஜூனில் மாநிலங்களுக்கு அனுப்பியிருக்கிறது. மரத்தைப் பதிவு செய்யவும் வெட்ட விண்ணப்பிக்கவும் இணையதளம் ஒன்றை அது முன்வைக்கிறது. வெட்ட அனுமதி எளிதாவது நல்லதே. வெட்டிய மரத்துக்கு விலை யார் சொல்வது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

ஏற்கெனவே நட்டுவிட்டவர்கள் கலங்க வேண்டியதில்லை; சில வேலைகளை மட்டும் இப்போதே செய்யலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி மரங்களை அடங்கலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். கவைத்த மரங்களையும் நெருக்கமான மரங்களையும் ஏழெட்டு ஆண்டுக்குள் கலைத்து, நேரானவற்றுக்கு இடம் விட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, மார்பளவு உயரத்தில், தையல்காரர் நாடா கொண்டு சுற்றளவை அளந்து ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். என் சித்தப்பா மகன் அப்படி எழுதத் தொடங்கியிருக்கிறார். ஒன்பதாம் ஆண்டில், கிணற்றுக்கு அருகில் உள்ள வரிசையில் சராசரி 15 அங்குலம். கடைசி வரிசையில் 9 அங்குலம். கடைசி மூன்று வரிசைகளைக் கலைத்துவிட்டு, அந்த அரை ஏக்கரில் வரும் புரட்டாசியில் மறுபடியும் நெல் நடப்போவதாகச் சொல்கிறார்.